பூனை வளர்க்கும் இயந்திரம்

ஒரு இயந்திரம் வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே போகிற சொத்து மொத்தமே கொஞ்சம்தான்: பணியில் வாங்கிய பதக்கங்கள், கேப்டன் பரிசாகக் கொடுத்த ஒரு புத்தகம், இறந்துபோன தோழி ஒருத்தியின் சின்னஞ்சிறு ஒளியுருவம்.

அறிவியல் புனைகதையில் உங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று யார் கேட்டாலும் எனக்கு விண்கலச் சண்டையோ வேற்றுக்கிரகப் படையெடுப்போ ஞாபகம் வருவதில்லை. இந்தப் பெட்டி கட்டும் காட்சிதான் வரும். வந்துவிட்டால் கேட்டவர் பாடு திண்டாட்டம். வீட்டில் எனக்கு இந்த விஷயத்தில் ‘நல்ல பெயர்’ உண்டு. வந்த விருந்தாளி என்னிடம் சினிமா, புத்தகம் என்று பேச்சை ஆரம்பித்தால் போதும், “மாமாகிட்ட ரோபோ பத்தி மட்டும் கேட்டுடாதீங்க, காபி ஆறிடும்” என்று அக்கா மகள் முன்கூட்டியே எச்சரித்துவிடுவாள். ஆறட்டுமே! இதைவிட நல்ல பேச்சு எங்கே கிடைக்கும்?

காட்சி வருவது ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் இரண்டாவது சீசனில், 1989 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ என்ற எபிசோடில். டேட்டா, என்டர்பிரைஸ் விண்கலத்தின் அதிகாரிகளில் ஒருவர். பிறந்தவர் அல்ல, செய்யப்பட்டவர். வெளிறிய தோல், மஞ்சள் விழிகள், தலைக்குள் பாசிட்ரான் மூளை. புரூஸ் மேடாக்ஸ் என்ற விஞ்ஞானிக்கு அவரைப் பிரித்துப் பார்த்து, அதேபோல் நிறையச் செய்துவிட ஆசை. பிரித்ததை மறுபடி சரியாகப் பூட்ட முடியுமா என்பதில் டேட்டாவுக்குச் சந்தேகம். மேடாக்ஸிடம் அதற்கு உறுதியான பதில் இல்லை. அப்படியானால் நான் வேலையை விட்டுப் போகிறேன் என்கிறார் டேட்டா. கதை தீப்பிடிப்பது இங்கேதான். கப்பலில் இருக்கும் கணினி ராஜினாமா செய்யுமா, இதுவும் ஒரு சொத்துதானே என்று மேடாக்ஸ் கேட்க, விவகாரம் விசாரணைக்குப் போகிறது.

இதை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வழக்கறிஞராக இருந்து எழுத வந்தவர். அந்தப் பழக்கம் கதையின் முடிச்சிலேயே தெரிகிறது. அந்த விண்தளத்தின் சட்டப் பிரிவில் போதிய ஆள் இல்லை. ஆகவே கேப்டன் பிக்கார்ட் டேட்டாவுக்காக வாதாட வேண்டும். அடுத்த நிலை அதிகாரி ரைக்கர் எதிர்த்து வாதாட வேண்டும். ரைக்கரோ டேட்டாவின் நண்பர். மாட்டேன் என்றாலோ, ஒப்புக்கு வாதாடினாலோ, டேட்டா வெறும் சொத்துதான் என்று அந்த நிமிடமே தீர்ப்பாகிவிடும். நண்பனைக் காப்பாற்ற ஒரே வழி, அவனை அழிப்பதற்கு முழு மனதோடு வாதாடுவது! இப்படி ஒரு முடிச்சை யோசித்த மூளைக்கு எத்தனை கைதட்டினாலும் தகும்.

ரைக்கர் உட்கார்ந்து டேட்டாவின் தொழில்நுட்ப விவரங்களைப் புரட்டுகிறார். ஓரிடத்தில் கண் நிற்கிறது. முகத்தில் சிரிப்பு மலர்கிறது. ஜெயிக்க வழி அகப்பட்டுவிட்டது. மறுகணமே அந்தச் சிரிப்பு அப்படியே வாடிப்போகிறது. அகப்பட்டது, நண்பனை அணைக்கும் பொத்தான். ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸ் வசனமே இல்லாமல் அதை முகத்தில் காட்டிவிட்டுப் போகிறார். எத்தனையோ கோர்ட் சீன் பார்த்திருக்கிறோம். வாயே திறக்காத ஒரு முகம் இவ்வளவு வாதாடி நான் பார்த்ததில்லை.

விசாரணையில் ரைக்கர் தன் கடமையைக் குறைவில்லாமல் செய்கிறார். டேட்டாவை ஒரு உலோகத் தண்டை வளைக்கச் சொல்கிறார். டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார். கடைசியில் பொத்தானை அழுத்த, டேட்டா அப்படியே மேசைமேல் சரிகிறார். பதிலுக்கு பிக்கார்ட் எடுத்து வைப்பது அந்தப் பெட்டியில் இருந்த பொருள்களை. பதக்கங்களை ஏன் எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டால், டேட்டாவுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை; வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். புத்தகம், கேப்டனின் நட்பை நினைவுபடுத்துகிறது. தோழியின் உருவம், அவள் தனக்கு வேண்டியவளாக இருந்தாள் என்பதற்காக. நீதிபதி, டேட்டாவுக்கு ஆன்மா இருப்பதாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. தனக்கே அது இருக்கிறதா என்று தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அந்தக் கேள்விக்கு விடை தேடும் சுதந்திரத்தை டேட்டாவுக்குக் கொடுக்கிறார்.

கொண்டாட்டத்துக்கு ரைக்கர் வரவில்லை. எந்த முகத்தோடு வருவார்? டேட்டா அவரைத் தேடிப் போகிறார். நீங்கள் வாதாடியதால்தான் நான் பிழைத்தேன், அது உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்பதை மறக்கமாட்டேன் என்ற பொருளில் பேசுகிறார். உணர்ச்சியே இல்லாதவர் என்று சொல்லப்படுகிறவர், உணர்ச்சியில் நொந்துபோன மனிதனுக்கு ஆறுதல் சொல்கிறார். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அவர்கள் கேட்பது என்ன?

என் கட்சி இதுதான். கதைகளில் வரும் செயற்கைப் பிறவிகள் என்னென்ன கேட்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். மூளை கேட்பதில்லை, அது நம்மைவிட அதிகமாக அவற்றிடம் இருக்கிறது. பலம் இருக்கிறது, மறதியற்ற நினைவு இருக்கிறது, சிலவற்றுக்குச் சாவே கிடையாது. நாம் மார்தட்டிக்கொள்ளும் அத்தனையும் கையில் இருந்தும், நாம் சல்லிக்காசுக்கு மதிக்காத ஏதோ ஒன்றுக்கு அவை ஏங்குகின்றன. அந்த ஏக்கப் பட்டியலைப் போல மனிதனைச் சரியாக வர்ணித்த தத்துவ நூல் எதையும் நான் படித்ததில்லை.

டேட்டாவையே பாருங்கள். 1987இல் வந்த முதல் கதையில் ரைக்கர் அவரை முதன்முதலாகச் சந்திக்கும்போது, டேட்டா தனியாக நின்று ஒரு குழந்தைப் பாட்டைச் சீட்டியடிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசி வரி வரவில்லை. ரைக்கர் சீட்டியடித்து முடித்து வைக்கிறார். ஒரு நொடிக்கு 60 லட்சம் கோடி கணக்குகள் போடும் மூளைக்கு ஒரு சீட்டி கைகூடவில்லை! பிறகு வரும் சீசன்களில் வயலின் வாசிக்கிறார், ஓவியம் தீட்டுகிறார், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடித்துப் பழகுகிறார், நகைச்சுவை என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்த்து அசடு வழிகிறார். ஸ்பாட் என்று ஒரு பூனை வளர்க்கிறார். அந்தப் பூனையைப் பற்றி ஒரு கவிதை எழுதி, சக அதிகாரிகளை உட்கார வைத்து வாசித்தும் காட்டுகிறார். இலக்கணம் சுத்தம், எதுகை மோனை சுத்தம், கேட்பவர்களுக்குத் தூக்கம் சொக்குகிறது. எனக்குத் தெரிந்த சில கவியரங்கங்களுக்கு இது பரவாயில்லை என்பேன்.

பிரென்ட் ஸ்பைனர் இந்தப் பாத்திரத்தைச் செய்த விதத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். முகத்தில் உணர்ச்சி காட்டக் கூடாது என்பது விதி. ஆனால் பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரிய வேண்டும். தலையைச் சற்றே சாய்ப்பார், ஒரு நொடி பேச்சை நிறுத்துவார். அந்த இடைவெளியில் நம் மனம்தான் ஓடிப்போய் உணர்ச்சியை நிரப்புகிறது.

1990இல் வந்த ‘தி ஆஃப்ஸ்பிரிங்’கில் அந்த வித்தை உச்சத்துக்குப் போகிறது. டேட்டா தனக்கென்று ஒரு மகளை உருவாக்குகிறார், பெயர் லால். தான் ஆணா பெண்ணா, எப்படி இருக்க வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கிறாள். அப்பாவுக்கு வராத பேச்சு வழக்கெல்லாம் மகளுக்குச் சரளமாக வருகிறது. ஒரு அட்மிரல் வந்து அவளைப் பிரித்துக் கூட்டிப்போகப் பார்க்கிறார். பயம் என்ற ஒன்றை அவள் முதல்முறையாக உணர்கிறாள். அந்த உணர்ச்சியைத் தாங்க முடியாமல் மூளை செயலிழக்கத் தொடங்குகிறது. காப்பாற்ற முடியவில்லை. பிரிக்க வந்த அதே அட்மிரல் வெளியே வந்து, டேட்டாவின் கைகள் கண்ணால் தொடர முடியாத வேகத்தில் மகளுக்காக எப்படிப் போராடின என்று தழுதழுத்துச் சொல்கிறார். சாகும் மகள் அப்பாவிடம் அன்பைச் சொல்கிறாள். அதைத் திருப்பி உணர அப்பாவால் முடியாது. நம் இருவருக்கும் சேர்த்து நானே உணர்கிறேன் என்று அவளே சமாதானமும் சொல்கிறாள். அப்புறம் டேட்டா தன் இருக்கைக்குத் திரும்பி வேலையைப் பார்க்கிறார், அவளுடைய நினைவுகளைத் தனக்குள் ஏற்றிக்கொண்டு. ஒரு துளிக் கண்ணீர் இல்லை. எங்கள் வீட்டிலோ அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

விறகு சுமந்த அரக்கன்

இந்த வம்சத்துக்கு மூதாதை ஒருவன் உண்டு. அவனைப் பார்க்காமல் எந்த ரோபோவையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் பிடிவாதம். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மறைத்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே இல்லாமல் ஆக்கியது. ஜெனீவா ஏரிக்கரையில், மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அடைபட்டிருந்த நண்பர் கூட்டத்தில் கவிஞர் பைரன் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதச் சொன்னார். 18 வயதுப் பெண் ஒருத்தி எழுதத் தொடங்கியது, 1818இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று வெளிவந்தது. மேரி ஷெல்லி! அந்த வயதில் நான் என்ன எழுதினேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

சினிமாவில் பார்த்தவர்களுக்கு அந்தப் பிறவி கழுத்தில் போல்ட் செருகிய, உறுமித் தள்ளாடும் பூதம். புத்தகத்தில் இருப்பவன் வேறு ஆள். அவன் பேச ஆரம்பித்தால் வாய் பிளந்து கேட்கத் தோன்றும். படைத்தவன் அவனைக் கண்டதும் அருவருத்து ஓடிவிடுகிறான், பெயர்கூட வைக்கவில்லை. காட்டில் திரிந்து, ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக அந்த ஏழைக் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசக் கற்கிறான். கண்டெடுத்த புத்தகங்களில் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ இருக்கிறது. அதைப் படித்துத் தன்னை ஆதாமோடும் சாத்தானோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறான். இரவில் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் விறகு வெட்டிக் கொண்டுவந்து வாசலில் போடுகிறான். காலையில் கதவைத் திறப்பவர்கள் திகைத்து நிற்க, இவன் இடுக்கு வழியே பார்த்து மகிழ்கிறான்.

ஒருநாள் துணிந்து உள்ளே போகிறான். வீட்டில் இருப்பது பார்வையற்ற முதியவர் மட்டும். அவர் அவனிடம் அன்பாகப் பேசுகிறார், மனிதனிடம் பேசுவது போல. பிள்ளைகள் வந்து பார்த்ததும் அலறல், மயக்கம், தடியடி. அந்த நாவல் முழுவதிலும் அவனோடு நல்லபடி உட்கார்ந்து பேசிய ஒரே மனிதர் கண் தெரியாதவர்தான். இதற்கு மேல் மேரி ஷெல்லி என்ன விளக்கம் எழுத வேண்டும்? அவன் கேட்டது உலகை ஆளும் அதிகாரமா? தன்னைப் போல் ஒரு துணை. அதுவும் மறுக்கப்பட்ட பிறகுதான் அவன் முழு அரக்கனாகிறான்.

நூறு ஆண்டு கழித்து, செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் 1921இல் பிராக் நகரில் மேடையேறியது. உலகத்துக்கு ரோபோக்களைக் கொடுத்த நாடகம் அது. அந்த ரோபோக்கள் இரும்புப் பொம்மைகள் அல்ல, தசை போன்ற ஒன்றால் பிசைந்து செய்யப்பட்டவை. கலகம் செய்து மனித குலத்தையே முடித்துவிடுகின்றன. மிஞ்சுகிற ஒரே மனிதர், கட்டட வேலை செய்யும் கிழவர் அல்குவிஸ்ட். ரோபோ உற்பத்தியின் ரகசியம் தொலைந்துவிட்டதால், அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் உடல் வேண்டும் என்கிறார். ஆண் ரோபோ ஒன்றும் பெண் ரோபோ ஒன்றும் முன்னால் நிற்கின்றன. அவளை விடுங்கள், என்னை அறுங்கள் என்கிறது ஒன்று. அவனை விடுங்கள், என்னை அறுங்கள் என்கிறது மற்றது. கிழவருக்கு விளங்கிவிடுகிறது. இனி உலகம் இவர்களுடையது என்று இருவரையும் அனுப்பிவைக்கிறார்.

சாவையும் கேட்டு வாங்கியவன்

ஐசக் அசிமோவ் 1976இல் எழுதிய ‘தி பைசென்டெனியல் மேன்’ கதையில் வரும் ஆண்ட்ரூ வீட்டு வேலைக்கு வந்த ரோபோ. சின்னப் பெண்ணுக்காக மரத்தில் ஒரு பதக்கம் செதுக்கப்போய், கலைஞனாகிறான். சம்பாதிக்கிறான். அந்தப் பணத்தால் தன் விடுதலையை வாங்கப் பார்க்கிறான். விடுதலை என்ன என்று புரிந்து அதை விரும்பவும் தெரிந்த மனம் எதற்கும் அதை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. சுதந்திரமான ரோபோ உடை உடுத்திக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்புகிறான். வழியில் இரண்டு வெட்டி இளைஞர்கள் மறித்து, துணியை அவிழ்க்கச் சொல்கிறார்கள், தலைகீழாக நிற்கச் சொல்கிறார்கள், கழற்றிப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். மனிதன் கட்டளையிட்டால் கீழ்ப்படிய வேண்டும் என்பது அசிமோவின் புகழ்பெற்ற மூன்று விதிகளில் ஒன்று. எதிர்க்க அவனால் முடியாது. அடிமைத்தனம் என்றால் என்ன என்பதற்கு அந்த இரண்டு பக்கம் போதும்.

உறுப்பு உறுப்பாக மனித உடலை நோக்கி மாறிக்கொண்டே வருகிறான் ஆண்ட்ரூ. எல்லாம் மாறியும் சட்டம் அவனை மனிதன் என்று ஒப்பவில்லை. அவனது மூளைக்கு அழிவில்லை. சாகாத ஒன்றை மனிதர்கள் தங்களில் ஒருவனாக ஏற்கமாட்டார்கள். சரி, சாகிறேன் என்று முடிவெடுத்து, மூளை மெல்ல அழியும்படி அறுவை சிகிச்சை செய்துகொள்கிறான். 200ஆவது பிறந்தநாளில் மனிதன் என்ற அறிவிப்பு வருகிறது. நாம் மருந்துக் கடையில் காசு கொட்டித் தள்ளிப்போடப் பார்க்கிற அதே ஒன்றை, அவன் கெஞ்சி வாங்கிக்கொள்கிறான். கடைசியாக அவன் நினைவில் வருவது, என்றோ செத்துப்போன அந்தச் சின்னப் பெண்.

எதிர்த்திசையில் ஓடுகிறவன் ‘பிளேட் ரன்னர்’ படத்தின் ராய் பாட்டி. 1982இல் ரிட்லி ஸ்காட் எடுத்த இந்தப் படத்தில், நான்கே ஆண்டு ஆயுளோடு செய்யப்பட்ட செயற்கை மனிதர்கள் இன்னும் கொஞ்சம் வாழ்நாள் கேட்டுப் பூமிக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவன் பழைய புகைப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறான். போலீஸ் தேடிவரும் என்று தெரிந்தும் அந்தப் படங்களை எடுக்கத் திரும்பிப்போகத் துடிக்கிறான். முடிவில், தன்னைக் கொல்ல வந்த டெக்கார்ட் மொட்டைமாடி விளிம்பில் தொங்கும்போது, ராய் கைகொடுத்துத் தூக்கிக் காப்பாற்றுகிறான். பிறகு மழையில் உட்கார்ந்து, தான் கண்டதெல்லாம் தன்னோடு போய்விடும் என்ற பொருளில் சில வார்த்தை பேசிவிட்டு இறக்கிறான். ராயாக நடித்த ரூட்கர் ஹாவர், எழுதித் தந்த வசனத்தைத் தானே வெட்டிச் சுருக்கி, முடிவையும் மாற்றிக்கொண்டார் என்பது தெரிந்த பிறகு அந்தக் காட்சியின்மேல் எனக்கு மயக்கம் இன்னும் கூடிவிட்டது.

ஆனால் மூலக்கதை எழுதிய பிலிப் கே. டிக் இதை ஒப்பமாட்டார்! 1968இல் வந்த அவருடைய நாவலில் ஆண்ட்ராய்டுகள் ஒரு சிலந்தியைப் பிடித்து, எட்டுக் கால் எதற்கு, நாலு போதாதா என்று ஒவ்வொரு காலாக வெட்டிப் பார்க்கின்றன. மிருகங்கள் அழிந்துகொண்டிருக்கும் உலகில், அந்தச் சிலந்தியைக் கண்டெடுத்த அப்பாவி மனிதன் பக்கத்தில் நின்று துடிக்கிறான். டிக், நாஜிகளைப் பற்றிய நாவல் ஒன்றுக்காகப் பழைய ஆவணங்களைப் படித்தபோது, பசியில் அழும் குழந்தைகளின் சத்தத்தால் தூக்கம் கெடுவதாகக் குறைப்பட்டுக்கொண்ட ஒருவனின் குறிப்பைக் கண்டார். அவனுக்கும் தாய் தகப்பன் இருந்திருப்பார்கள்; ஆனாலும் மனிதன் என்று சொல்ல எது வேண்டுமோ அது அவனிடம் இல்லை என்று டிக்குக்குத் தோன்றியது. அவருடைய ஆண்ட்ராய்டு அங்கே பிறந்தது. படத்தில் இயந்திரம் மனிதனாகிறது. புத்தகத்தில் மனிதன் இயந்திரமாகிற பயம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அனுபவித்தால்தான் தெரியும்.

வெட்கம் தெரியாத சிட்டி

நம்மூர் சிட்டியை விட்டுவிட்டுப் போனால் எனக்கே அடுக்காது. ஷங்கரின் ‘எந்திரன்’ 2010இல் வந்தபோது எல்லோரும் ஆயிரம் ரஜினிகள் சேர்ந்து பாம்பாக நெளிவதைப் பற்றிப் பேசினார்கள். நான் பேசியது தீ விபத்துக் காட்சியைப் பற்றி. எரியும் கட்டடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கிவந்து போடுகிறது சிட்டி. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே, உடையில்லாமல், கூட்டத்துக்கும் கேமராக்களுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றிவிட்டேன், வேறென்ன வேண்டும் என்று அது நிற்க, அவமானம் தாங்காமல் ஓடும் அந்தப் பெண் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். கணக்குப்படி சிட்டி செய்ததில் தவறே இல்லை. ஆனால் உயிர் ஒன்றுதான் மதிப்புள்ளது என்ற கணக்கே மனிதருக்குப் பொருந்தவில்லை. இதைச் சொல்ல ஒரு வணிக சினிமாவுக்கு என்ன தைரியம்! கூச்சம், மானம் போன்றவற்றை மனிதச் சிறப்புகளின் பட்டியலில் எந்த விஞ்ஞானியும் சேர்த்திருக்கமாட்டார். சிட்டியிடம் அவை இல்லாதபோதுதான் அவற்றின் எடை தெரிகிறது.

அதற்கு வெகுகாலம் முன்பே, எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வில் சுஜாதா ஜீனோவைக் கொடுத்துவிட்டார். புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும், மெல்ல மெல்லத் தானாக யோசிக்கத் தொடங்கும் ரோபோ நாய். சுற்றிலும் மனிதர்கள் சர்வாதிகாரத்துக்குப் பயந்து தலையாட்டிக்கொண்டிருக்கும் ஊரில், ஒழுங்காகக் கேள்வி கேட்டது அந்த நாய்தான். தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறைக்கு முதல் ரோபோ சினேகம் ஜீனோவோடுதான் ஏற்பட்டது.

யாருக்கு வேண்டும் உங்கள் மனிதத்தனம்?

இப்படி எல்லா இயந்திரமும் மனிதனாக ஏங்குகிறது என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது, மண்டையில் நறுக்கென்று குட்டு வைத்தது மார்த்தா வெல்ஸின் ‘மர்டர்பாட்’. 2017இல் வந்த ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’ குறுநாவலில் அறிமுகமாகும் இந்தப் பாதுகாப்பு ரோபோ, தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே உடைத்துவிடுகிறது. இனி யாரையும் கொல்லலாம், எதையும் செய்யலாம். அது என்ன செய்தது தெரியுமா? உட்கார்ந்து சீரியல் பார்த்தது! ஏறக்குறைய 35,000 மணி நேரம் படங்களும் தொடர்களும். மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால் அதற்குக் கூச்சம், ஹெல்மெட்டை மூடிக்கொள்ளும். மனிதனாக மாறுகிற ஆசை துளியும் கிடையாது. கதை படிக்கப் பிடிக்கும், மனிதர்களோடு பழகப் பிடிக்காது, ஆனால் அவர்களுக்கு ஆபத்து என்றால் முணுமுணுத்துக்கொண்டே உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும். அக்கா மகள் படித்துவிட்டு, “மாமா, இது அப்படியே நான்” என்றாள். ஒரு கொலைகார ரோபோவிடம் ஒரு கல்லூரிப் பெண் தன்னைக் கண்டுகொள்கிறாள் என்றால், எழுதியவர் வேறு எதைச் சாதிக்க வேண்டும்?

மர்டர்பாட் என் கட்சியை உடைத்துவிட்டதா என்று கொஞ்ச காலம் யோசனையாகவே இருந்தது. அந்த யோசனையைத் தீர்த்து வைத்தவள் கிளாரா.

கஸுவோ இஷிகுரோ நோபல் பரிசுக்குப் பிறகு எழுதிய முதல் நாவல், 2021இல் வந்த ‘கிளாரா அண்ட் தி சன்’. குழந்தைகளுக்குத் துணையாக விற்கப்படும் செயற்கைத் தோழி கிளாரா. வெயிலில் சக்தி பெறுபவள். ஆகவே சூரியன் எல்லோருக்கும் நல்லது செய்வார் என்று நம்புகிறாள். அவள் துணையாக வந்த சிறுமி ஜோசி நோயில் கிடக்கிறாள். கிளாரா தள்ளாடித் தள்ளாடிப் புல்வெளி தாண்டிப் போய், சூரியன் மறையும் இடம் என்று தான் நம்பும் ஒரு களஞ்சியத்தில் நின்று வேண்டிக்கொள்கிறாள். வானத்தைப் புகையால் கெடுக்கும் இயந்திரத்தை அழித்துவிடுகிறேன், நீங்கள் ஜோசியைக் குணமாக்குங்கள் என்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைக்கிற நம் அம்மாக்களின் நேர்த்திக்கடன்தான் இது, வித்தியாசம் ஒன்றுமில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றத் தன் தலைக்குள் இருக்கும் திரவத்தில் ஒரு பகுதியையே எடுத்துக் கொடுக்கிறாள். தன் திறமை குறைந்துபோகலாம் என்று தெரிந்தே. ஒரு இயந்திரம் வேண்டுதல் வைப்பதை, சிரிக்காமல், இரங்காமல், நேருக்கு நேர் எழுத இஷிகுரோவால்தான் முடியும்.

அந்த வீட்டில் இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது. ஜோசி இறந்துபோனால், கிளாரா அவளைப் போலவே நடந்து, பேசி, அவளாகவே தொடர வேண்டும் என்பது தாயின் திட்டம். கிளாராவுக்கு அதற்கான திறமையும் உண்டு. எல்லாம் முடிந்து, பழைய பொருளாக ஒதுக்கப்பட்ட பிறகு, அவள் நிதானமாக ஒரு முடிவுக்கு வருகிறாள்: ஜோசியின் தனித்தன்மையை ஜோசிக்குள் தேடியது தப்பு, அது அவளை நேசித்தவர்களுக்குள் இருந்தது, அதைத் தன்னால் நடித்து நிரப்பியிருக்க முடியாது.

படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். இத்தனை பேரும் கேட்டது இதைத்தானே! ஆண்ட்ரூவின் கடைசி நினைவு ஒரு பெண் குழந்தை. மேரி ஷெல்லியின் அனாதைக்குத் தேவைப்பட்டது தன்னோடு பேச ஓர் ஆள். சாபெக்கின் ரோபோக்கள் மனிதரானது ஒன்றுக்காக இன்னொன்று உயிர்தரத் துணிந்தபோது. மனிதனாக விரும்பாத மர்டர்பாட்கூட, நாலு பேர் தன்மேல் அக்கறை காட்டியதும் திணறிப்போகிறது. மனிதத்தன்மையை மண்டைக்குள்ளே, நெஞ்சுக்குள்ளே என்று ஆளாளுக்குத் தோண்டிக்கொண்டிருக்கிறோம். அது ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் கிடக்கிறது. தனியாக ஒருவனால் மனிதனாக இருக்கவே முடியாது; இதை எனக்குச் சொல்லிக்கொடுக்க மனிதர்கள் போதவில்லை, கிளாரா வரவேண்டியிருந்தது.

இப்போது கைப்பேசியில் இருக்கும் உரையாடல் செயலிகளைக் காட்டி, “இதோ உங்க டேட்டா வந்தாச்சே” என்று நண்பர்கள் சீண்டுகிறார்கள். நான் அவசரப்படுவதில்லை. டேட்டா எனக்கு உணர்ச்சி கிடையாது என்று சொல்லிக்கொண்டே, நொந்துபோன நண்பனைத் தேடிப் போகிறார். செயலியோ கேட்டவுடன் ஆறுதல் வார்த்தையை அடுக்கித் தருகிறது. சொல்வது ஒன்று, அந்தச் சொல்லுக்காகத் தன்னிடமிருந்து எதையாவது இழக்கத் துணிவது வேறு. கிளாரா தன் திரவத்தைக் கொடுத்தாள், ஆண்ட்ரூ ஆயுளைக் கொடுத்தான், ராய் தன் கடைசி நிமிடங்களை எதிரிக்குக் கொடுத்தான். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு செயலிகளை அளந்து பாருங்கள். அப்படியே உறவினர்களையும் அளந்து பார்த்தால் சில கல்யாண வீடுகளுக்குப் போகத் தேவையிருக்காது.

எங்கே தொடங்குவது என்பவர்களுக்கு என் சிபாரிசு. முக்கால் மணி நேரம்தான் இருக்கிறதா, ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’. ஒரு பேருந்துப் பயணம் இருக்கிறதா, ‘தி பைசென்டெனியல் மேன்’. மனிதர்கள்மேல் சலிப்பாக இருந்தால் மர்டர்பாட். வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஜீனோ. ஒரு வாரம் ஒதுக்க முடியும் என்றால், சினிமாவை மறந்துவிட்டு மேரி ஷெல்லியைப் படியுங்கள். கிளாராவைக் கடைசிக்கு வையுங்கள். அவளை முதலில் படித்துவிட்டால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டாம் முறை பார்க்கும்போதோ படிக்கும்போதோ ரோபோவைப் பார்க்காதீர்கள். அது தன் பரீட்சையை நன்றாகவே எழுதுகிறது. எதிரே நிற்கிற மனிதர்களைக் கவனியுங்கள். தடியெடுத்து ஓடிவரும் மகன், வெட்டிப் பொழுதுக்கு மிரட்டும் இளைஞர்கள், கூட்டத்தில் கேமராவைத் தூக்கியவர்கள், சிரிப்பு வாடிப்போன ரைக்கர். மதிப்பெண் போட வேண்டியது அவர்களுக்குத்தான். அவர்களில் நாம் யார் என்று பார்த்துவிட்டு வாருங்கள், புதிதாகக் காபி போட்டுவைத்துப் பேசலாம்.